தடித்து, ஒடுங்கி, சாய்ந்து நிற்கும் எழுத்து



இந்த உரை வானொலியில் போனபோது சில நேயர்கள் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார்கள். "எழுத்தின் வடிவத்தைப் பற்றி வானொலியில் கதைத்தால் நாங்கள் எப்படி விளங்கிக்கொள்வது?" நியாயமான கேள்விதான். ஆகவே அந்த உரையைச் சற்று விரித்து, கணக்குகளையும் சேர்த்து, இந்த இதழில் தருகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட விடயம் ஒரு குறிப்பிட்ட எழுத்து வகை. கோடுகள் தடிப்பாக இருக்கும். அகலம் குறைந்து, உயரம் கூடி, எழுத்துகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும். முழுச் சொல்லும் வலப்பக்கம் சாய்ந்து ஓடுவது போலத் தோன்றும். ஆங்கிலத்தில் 'போல்ட் கொண்டென்ஸ்ட் இற்றாலிக்' என்பார்கள். மலிவு விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில், கிரிக்கெட் சுற்றுப்போட்டி அறிவித்தலில், படச் சுவரொட்டியில், வாகனம் திருத்துமிடத்துப் பலகையில் இதை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். நீண்ட வாசிப்புக்காக அன்றி, தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் என்றே வெட்டப்படும் எழுத்து இது.

கணக்காளனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கியூபெக் மாகாணத்தில் 2025 ஜூன் 1ஆம் திகதி முதல் கடைப்பலகைகளுக்கான மொழி விதிகள் இறுக்கமாகின. பலகையை மாற்றிய செலவை எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்க வருபவர்கள் பலகையின் படத்தையும் கைத்தொலைபேசியில் காட்டுவார்கள். பிரெஞ்சு எழுத்து அகலமாக, அழகாக இருக்கும். மூலையில் தமிழ், நசுங்கி, தடித்து, சாய்ந்து கிடக்கும். "இடம் காணாது அண்ணை, அதுதான் ஒடுக்கிப் போட்டாங்கள்" என்பார்கள். அந்தத் தமிழை அவர்களின் தாயார் வாசிப்பாரா, தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை வாசிக்குமா என்பதுதான் இன்றைய கேள்வி.

மூன்று குணம், மூன்று குரல்

இந்த எழுத்தில் மூன்று குணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. வானொலிக்காரன் என்ற முறையில் குரலை வைத்து விளக்குகிறேன்.

தடிப்பு என்பது உரத்த குரல். ஒரு பக்கத்தில் பல விடயங்கள் இருக்கும்போது "முதலில் என்னைப் பார்" என்று சொல்வது அது. ஒடுக்கம் என்பது வேகமான பேச்சு. முப்பது விநாடி விளம்பரத்தில் அறுபது விநாடிக்குரிய சொற்களைச் சொல்லி முடிக்கும் அறிவிப்பாளரைப் போல, குறைந்த இடத்தில் கூடிய சொற்களை அடக்க அது உதவும். அத்துடன், அகலம் குறைவதால் எழுத்தை உயரமாக்கலாம். உயரமான எழுத்து தூரத்தில் தெரியும். சாய்வு என்பது தொனி மாற்றம். அச்செழுத்தில் அது அழுத்தத்தைக் காட்டும். பெரிய தலைப்பில் வரும்போது அசைவையும் அவசரத்தையும் காட்டும்.

மூன்றும் சேர்ந்தால் குதிரைப் பந்தய வர்ணனை போன்ற குரல் வருகிறது. உரத்து, வேகமாக, முன்னோக்கிச் சாய்ந்து பேசும் குரல். அதற்கு இடம் உண்டு. ஆனால் அந்தக் குரலில் ஒருவரும் மரண அறிவித்தல் வாசிப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், இந்த எழுத்தை எங்கே பாவிப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்றும் ஒன்றுசேர்ந்த கதை

இந்த மூன்று குணங்களும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. இலத்தீன் எழுத்தில் சாய்வு வடிவம் 1501இல் வெனிஸ் நகரில் வந்தது. அல்டஸ் மனூசியஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் அதை வெட்டிக் கொடுத்தார். அன்று அது அழுத்தம் காட்டுவதற்கு வந்ததல்ல. கையடக்கமான புத்தகம் ஒன்று முழுவதுமே அந்த எழுத்தில் அச்சாயிற்று. படித்தவர்களின் கையெழுத்தைப் பின்பற்றிய வடிவம் அது.

தடிப்பு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருகியது. தொழிற்சாலைகள் வந்தன, பொருட்கள் குவிந்தன, விளம்பரச் சுவரொட்டிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. புத்தக எழுத்து சுவரில் எடுபடவில்லை. தடித்த, ஒடுங்கிய எழுத்துகள் பிறந்தன. 1845இல் இலண்டனில் வெளியான 'கிளாரெண்டன்' போன்ற தடித்த எழுத்துகள், அகராதியில் தலைச்சொல்லைத் தனித்துக் காட்டவும் உதவின.

மூன்று குணங்களையும் ஒரே குடும்பத்துக்குள் ஒழுங்காக வைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஏட்ரியன் ஃப்ருட்டிகர் (1928–2015). 1957இல் பாரிஸ் நகரின் டெபெர்னி எ பெய்ஞோ நிறுவனம் வெளியிட்ட அவரது 'யூனிவர்ஸ்' எழுத்து 21 வடிவங்களில் வந்தது. ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு இலக்க எண் கொடுத்தார். முதல் இலக்கம் தடிப்பைக் காட்டும். இரண்டாம் இலக்கம் அகலத்தையும் சாய்வையும் காட்டும். 55 என்றால் சாதாரண எழுத்து. 65 தடித்தது. 67 தடித்து ஒடுங்கியது. 68 தடித்து, ஒடுங்கி, சாய்ந்தது. இரண்டாம் இலக்கம் இரட்டை எண்ணாக இருந்தால் சாய்வெழுத்து. கணக்கேட்டில் செலவுக்கு ஒரு தொடர் எண், வரவுக்கு ஒரு தொடர் எண் என்று வைப்பதைப் போன்ற ஒழுங்கு. எங்கள் மொன்றியல் மெட்ரோ 1966 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது அதன் பலகைகளுக்குத் தெரிவானதும் இந்த யூனிவர்ஸ் குடும்பம்தான்.

68ஆம் எண்ணில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 55ஐ எடுத்து நசுக்கி, கறுப்பாக்கி, சரித்து 68ஐச் செய்யவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைந்து, கோட்டின் கனத்தையும் உள்ளே உள்ள வெள்ளை இடத்தையும் மீண்டும் அளந்து செய்தார்கள். 1963இல் லெட்ராசெட் நிறுவனத்துக்காக ஃபிரெட் லம்பேர்ட் வரைந்த 'கொம்பாக்டா', 1965இல் ஜெஃப்ரி லீ வரைந்த 'இம்பாக்ட்' ஆகிய ஒடுங்கிய விளம்பர எழுத்துகளும் ஒடுக்கமாகவே பிறந்தவை. 'இம்பாக்ட்' எங்கள் வின்டோஸ் கணினிகளோடு வருவதால் எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் அந்தப் பிரதியில் சாய்வு வடிவம் இல்லை. நீங்கள் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் கணினிதான் அதைச் சரித்துக் காட்டுகிறது.

தமிழ் எழுத்தின் உடல்வாகு

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ் எழுத்தில் அச்சான முதற் புத்தகங்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578இல் வெளியாயிற்று. வெனிஸ் சாய்வெழுத்துக்கு 77 ஆண்டுகளே பிந்தியது. அச்சில் நாம் பழையவர்கள். ஆனால் இலத்தீன் எழுத்தில் சாய்வுக்கென ஒரு கையெழுத்து மரபு இருந்து, அதிலிருந்து தனி வடிவம் வந்ததுபோல் தமிழில் வரவில்லை. எங்கள் பழைய புத்தகங்களில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமானால் பெரிய எழுத்தையோ தடித்த எழுத்தையோ மேற்கோட் குறியையோ பாவித்தார்கள்.

தமிழ் எழுத்து இயல்பிலேயே அகலமானது. ஆங்கிலத்தில் 'ஐ', 'எல்', 'ரி' போன்ற எழுத்துகளின் சிறிய வடிவம் ஒரு குச்சியின் அகலம்தான். தமிழில் அப்படி ஒல்லியாக நிற்பவை ர, அரவு போன்ற சிலதான். ண, ஞ, ஐ, ணை எல்லாம் தாராளமாகக் கால் நீட்டி உட்காருபவை. அதனால் ஒடுக்கும் ஆசை தமிழில்தான் அதிகம் வருகிறது. ஒடுக்கினால் கெடுவதும் தமிழ்தான்.

ஏன் கெடுகிறது? தமிழில் பொருள் சின்னச் சின்ன இடங்களில் தங்கியிருக்கிறது. நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது சுழி. மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழிதான். எழுத்தைத் தடிப்பாக்கினால் சுழிக்குள் உள்ள வெள்ளை அடைபடும். ஒடுக்கினால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு 'பணி' எது, 'பனி' எது? மொன்றியலில் "பனிக்கால விற்பனை" என்று போட்டது "பணிக்கால விற்பனை" ஆகிவிடும்.

இரண்டாவது விசிறி. 'விடு' என்பதற்கும் 'வீடு' என்பதற்கும் வேறுபாடு மேலே உள்ள ஒரு குட்டி வளையம். "வாடகைக்கு வீடு" என்று ஒட்டியிருந்த ஒரு துண்டுப்பிரசுரத்தில் அந்த வளையம் அடைபட்டு "வாடகைக்கு விடு" என்று தெரிந்ததை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது கொம்பு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு தலையில் உள்ள ஒரு சுருள். 'கொடி'யும் 'கோடி'யும், 'மெல்'லும் 'மேல்'லும் அதில்தான் பிரிகின்றன. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இப்படி வரிவடிவில் தெளிவாகப் பிரித்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்று சொல்வார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பழைமையான அந்த வசதியை ஒரு பொத்தான் அழித்துவிடுகிறது.

நான்காவது புள்ளி. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படித்தவர்கள் பொருளை ஊகித்து வாசித்தார்கள். அச்சு வந்த பிறகுதான் புள்ளி நிலைபெற்றது. தடித்த எழுத்தில் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஒடுக்கினால் வட்டப் புள்ளி நெல்மணி போல நீளும். இங்கே பிறந்த பிள்ளை ஊகித்து வாசிக்காது. அது எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கும். புள்ளி தெரியாவிட்டால் அந்தச் சொல் அதற்குத் தமிழ்ச் சொல்லே அல்ல.

நசுக்குவது வேறு, ஒடுக்கி வரைவது வேறு

இந்த உரையில் ஒன்றையே நினைவில் வைக்க முடியுமென்றால் இந்தப் பகுதியை வைத்திருங்கள்.

ஒரு எழுத்தில் நிமிர்ந்த கோடு 10 மில்லிமீற்றர் தடிப்பு, படுத்த கோடும் 10 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்துக்கொள்வோம். கணினியில் அந்த எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து அகலத்தை 60 வீதமாக நெருக்குகிறோம். நிமிர்ந்த கோடு 6 மில்லிமீற்றர் ஆகிவிடும். படுத்த கோடு 10 மில்லிமீற்றராகவே இருக்கும். ட, ப, ம, ய போன்ற எழுத்துகளுக்கு அடியில் தட்டையான கோடு உண்டு. அந்த அடிக்கோடு தடித்து, பக்கச் சுவர்கள் மெலிந்து, பாரமான சப்பாத்து போட்ட ஒல்லி மனிதரைப் போல எழுத்து நிற்கும். இதுதான் நசுக்குவது.

ஒடுக்கி வரைபவர் அப்படிச் செய்வதில்லை. அவர் நிமிர்ந்த கோட்டின் கனத்தைக் காப்பாற்றுவார். சுழிக்கு உயரமான, ஒடுங்கிய வயிறு கொடுப்பார். ணகரத்தின் மூன்று சுழிக்கும் இடம் போதாவிட்டால் அந்த ஒரு எழுத்தை மட்டும் சற்று அகலமாக விடுவார். புள்ளியை வட்டமாகவே வைப்பார். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதும் வேலை அது.

தடிப்பிலும் இதே கதைதான். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது கணினி எழுத்தின் ஓரத்தைச் சுற்றி மை பூசித் தடிப்பாக்குகிறது. வெளியே பூசும் அதே அளவு உள்ளேயும் பூசப்படுவதால் சுழி நிரம்புகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். 100 மில்லிமீற்றர் உயரமான ணகரத்தில் ஒரு சுழியின் உள்வெள்ளை 12 மில்லிமீற்றர் என்று கொள்வோம். பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் மை பூசினால் மிச்சம் 6. அதை 60 வீதத்துக்கு நசுக்கினால் மிச்சம் 3.6 மில்லிமீற்றர். நல்ல பார்வையுள்ள கண் 12 மீற்றர் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 3.5 மில்லிமீற்றர். அதாவது வீதியின் மறுகரையில் நிற்கும் இளைஞனுக்கே அது மட்டுமட்டாகத்தான் தெரியும். எழுபது வயது அம்மாவுக்கு அது ஒரு கறுத்தப் பொட்டு.

சாய்வு செய்யும் வேலை

சாய்வுக்கு ஒரு சின்னக் கணக்கு. எழுத்தை 12 பாகை சரித்தால், அடிக்கோட்டிலிருந்து 120 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும் புள்ளி ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் வலப்பக்கம் நகரும். அகலமான எழுத்தில் இது பெரிய விடயமல்ல. 60 மில்லிமீற்றருக்கு ஒடுக்கிய எழுத்தில் அந்தப் புள்ளி அடுத்த எழுத்தின் எல்லைக்குப் போய்விடுகிறது. அது யாருடைய புள்ளி என்ற மயக்கம் வரும். அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் பகுதிகள் எதிர்ப்பக்கம் நகரும். ழகரத்தின் வால் இடப்பக்கம் போய் முன்னால் நிற்கும் எழுத்தின் காலை மிதிக்கும். 'தமிழ்' என்ற சொல்லிலேயே இதைப் பார்க்கலாம். ரகரத்தின் சரிந்த பாதமும் சாய்வில் தன் அடையாளத்தை இழக்கிறது. ரவையும் அரவையும் பிரித்தறிவது கடினமாகிவிடும்.

இதற்காகத் தமிழுக்குச் சாய்வே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். கவனித்து வரைந்தால் நன்றாகவே வரும். இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவாணர்' என்ற எழுத்துரு சாய்வான கையெழுத்துப் பாணியில் பிறந்தது. அது தடித்து ஒடுங்கிய வகை அல்ல. ஆனால் சாய்வு என்பது சரித்து விடுவதல்ல, வரைவது என்பதற்கு நல்ல சான்று. கூகிள் நிறுவனத்தின் 'நோட்டோ செரிஃப் தமிழ்' குடும்பத்தில் தடிப்பு, அகலம், சாய்வு மூன்றுக்கும் தனித்தனி வடிவங்கள் உள்ளன. எங்கள் 68ஆம் எண்ணுக்கு ஈடான, தடித்து ஒடுங்கிச் சாய்ந்த தமிழ் வடிவத்தை இன்று பணம் கொடுக்காமலே அதில் எடுத்துக்கொள்ளலாம். பெட்டிப் பெட்டியாகத் தெரியும் எழுத்துகளைக் கணினிக்காரர் 'டோஃபு' என்பார்கள். அது இல்லாமற் செய்வதே நோக்கம் என்பதால்தான் நோட்டோ என்ற பெயர்.

முன்பு நிலைமை வேறு. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னரும் புலம்பெயர்ந்த எங்கள் சங்கங்களிலும் அச்சகங்களிலும் புழங்கியது பெரும்பாலும் பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து அது வேலை செய்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரும். ஆனாலும் எங்கள் அறிவித்தல்கள், மலர்கள், நினைவு வெளியீடுகள் எல்லாம் அதன் தோளில்தான் வந்தன. அன்று தடிப்பும் சாய்வும் பொத்தானின் உபயம். இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. பழக்கம் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

கடைப்பலகையில் மூன்றில் ஒரு பங்கு

பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட் டெ நெய்ஜிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி.

கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனம் 1977 ஓகஸ்டில் சட்டமாயிற்று. ஆரம்பத்தில் வர்த்தகப் பலகைகள், சில விலக்குகள் தவிர, பிரெஞ்சில் மட்டுமே இருக்கவேண்டும் என்று இருந்தது. 1988 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர் பல வாதப்பிரதிவாதங்கள் நடந்து, 1993இல் பிறமொழிக்கும் இடம் கிடைத்தது; பிரெஞ்சு மிகத் தெளிவாக மேலோங்கி நிற்கவேண்டும் என்பது நிபந்தனை. 2022இல் நிறைவேறிய 96ஆம் இலக்கச் சட்டத்தின் பலகை விதிகள் 2025 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தன. ஒரே பார்வைப் பரப்பில் பிரெஞ்சு வாசகத்துக்கான இடம் பிறமொழி வாசகத்துக்கான இடத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு இருக்கவேண்டும் என்பதே இதன் சாரம். உங்கள் பலகைக்குரிய நுணுக்கங்களை மாகாணத்தின் பிரெஞ்சு மொழி அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு மொழிப் பலகையில் தமிழுக்கு அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு. இதைக் கண்டதும் பலகை செய்பவர் தமிழை நசுக்கத் தொடங்குகிறார். அவசியமா என்று பார்ப்போம்.

வாசகத்துக்கு 9 அடி நீளம் உண்டு, இரண்டு மொழியும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் என்று கொள்வோம். பிரெஞ்சுக்கு 6 அடி, தமிழுக்கு 3 அடி. அதாவது 36 அங்குலம். பலகைத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. வீதியின் மறுகரை 40 அடி என்றால் 4 அங்குல எழுத்து வேண்டும். தமிழ் எழுத்தின் அகலமும் சராசரியாக அதே 4 அங்குலம் என்று வையுங்கள்.

"பலசரக்கு மரக்கறி விற்பனை நிலையம்" என்று எழுதினால் 19 எழுத்து. 76 அங்குலம், இடைவெளிகளுடன் 82 அங்குலம். 36க்குள் அடக்க 44 வீதமாக நசுக்கவேண்டும். மேலே சொன்ன ணகரத்தின் கதிதான் முழு வாசகத்துக்கும். ஆனால் "பலசரக்கு" என்று மட்டும் எழுதினால் 6 எழுத்து, 24 அங்குலம். நசுக்காமல், சரிக்காமல், அழகாக அமரும். சுற்றிவர 12 அங்குலம் மிச்சமும் இருக்கும். மரக்கறி விற்கிறீர்கள் என்பதைப் பிரெஞ்சு வாசகமும் கண்ணாடிக்குள் தெரியும் கத்தரிக்காயும் சொல்லிக்கொள்ளும்.

ஆகவே சொல்லைக் குறையுங்கள்; எழுத்தை நசுக்காதீர்கள். சட்டம் தமிழின் இடத்தைத்தான் அளக்கிறது. எத்தனை சொல் எழுதவேண்டும் என்று அது சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இலாப நோக்கமற்ற சமய, அரசியல், மனிதநேயச் செய்திகளுக்கும், பிரெஞ்சல்லாத மொழியில் வெளிவரும் செய்தி ஊடகங்களில் வரும் விளம்பரங்களுக்கும் சாசனத்தின் இந்த விதி பொருந்தாது. கோயில் திருவிழா அறிவித்தலுக்கும் நிதிசேர் நிகழ்ச்சிப் பிரசுரத்துக்கும் இடப் பஞ்சம் கிடையாது. அங்கும் தமிழ் நசுங்கி நிற்குமானால் அதற்குச் சட்டத்தைக் குறைசொல்ல முடியாது.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

குறுகிய, உரத்த செய்திக்கு இந்த எழுத்து பொருந்தும். "மலிவு", "இன்று மட்டும்", "இறுதி ஆட்டம்" போன்றவை. ஒன்று முதல் மூன்று சொல் வரை. விலைகளுக்கு மிக நன்று, ஏனெனில் இலக்கங்களில் புள்ளியும் இல்லை, கொம்பும் இல்லை. விளையாட்டுப் போட்டி, இசை நிகழ்ச்சி, திரைப்படம் என்பவற்றுக்கும் இயல்பாக அமையும். ஒரு பிரசுரத்தில் ஒரே இடத்தில் மட்டும் பாவியுங்கள். எல்லா வரியும் கத்தினால் எந்த வரியும் கேட்காது.

மரண அறிவித்தல், அந்தியேட்டி அழைப்பு, நினைவு மலர் ஆகியவற்றில் வேண்டாம். ஆட்களின் பெயர்களுக்கு வேண்டாம். பெயரில் ஒரு சுழி மாறினால் ஆளே மாறிவிடுவார். மருந்து, உடல்நலம், குடிவரவு, வரி தொடர்பான அறிவித்தல்களுக்கு வேண்டவே வேண்டாம். திகதியும் முகவரியும் நிமிர்ந்த, சாதாரண எழுத்தில் இருக்கட்டும். தொலைபேசி எண்ணும் அப்படியே. ஒடுங்கித் தடித்த இலக்கத்தில் 3, 6, 8 மூன்றும் தூரத்தில் ஒன்றாகத் தெரியும்.

அச்சுக்குக் கொடுக்க முன்னர்

கடைசியாகச் சில நடைமுறை விடயங்கள்.

ஒன்று: இங்குள்ள அச்சகக்காரர் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களின் மென்பொருளுக்கும் சிலவேளை தெரியாது. அப்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி தனியே மிதக்கும். ஆகவே வாசகத்தை வெறும் எழுத்தாக அனுப்பாமல், நீங்களே சரிபார்த்து பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அச்சுக்கு முன் மாதிரிப் பிரதி கேட்டு வாங்குங்கள்.

இரண்டு: "இந்தத் தடிப்பும் சாய்வும் எழுத்துருவில் உள்ளதா, கணினி செய்ததா?" என்று கேளுங்கள். எழுத்துருப் பட்டியலில் அந்த வடிவம் தனிப் பெயரோடு இருந்தால் வரைந்தது. பொத்தானை அழுத்தி வந்ததென்றால் பெரும்பாலும் செய்தது.

மூன்று: நீங்கள் தெரிவுசெய்த எழுத்தில் வீடு, விடு, பணி, பனி, கோடி, கொடி, நல்லெண்ணெய் ஆகிய ஏழு சொற்களை அடித்துப் பாருங்கள். மாதிரியைச் சுவரில் ஒட்டி, பதினைந்து இருபது அடி பின்னால் போய் நில்லுங்கள். சோடிகள் வேறுவேறாகத் தெரிகின்றனவா? நல்லெண்ணெயில் சுழிகளை எண்ண முடிகிறதா? முடிந்தால் தாராளமாகப் பாவியுங்கள்.

நான்கு: அந்த வாசகம் என்ன என்று முன்கூட்டியே தெரியாத இருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் கண்ணாடி போட்ட மூத்தவர். மற்றவர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளை. உங்களுக்கு அந்த வாசகம் மனப்பாடம். ஆகவே உங்கள் கண்ணை நம்பவேண்டாம்.

கடைப்பலகை செய்வதற்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவாகும். பல ஆண்டுகளில் கழித்து எழுதவேண்டிய மூலதனச் செலவு அது. தமிழ் வகுப்பில் 'மூன்று சுழி ண' என்று எழுதிப் பழகிய பிள்ளை, அம்மாவோடு அரிசி வாங்க வரும் வழியில் அதே எழுத்தைப் பலகையில் கண்டு வாய்விட்டு வாசிக்கவேண்டும். அதற்கு மூன்று சுழியும் தெரியவேண்டும்.

பலகை, பிரசுரம் தொடர்பாகக் கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த உரையில் பதில் சொல்கிறேன்.